"கடவுள் சும்மா மன்னிச்சிருக்கலாமே?" சிலுவைப் பலியை வாலிபர் கூட்டத்துல எப்படி விளக்குறது

லெந்து காலம் வந்துட்டாலே வாலிபர் கூட்டம் எடுக்குறவங்க, ஓய்வுநாள் பள்ளி டீச்சருங்க, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில ஒரு வார்த்தை பேச ஒத்துக்கிட்டவங்க, எல்லாருக்கும் கண்டிப்பா வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, கடவுளால எல்லாம் முடியும்ல, அப்போ சரி போ மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாமே, எதுக்கு ஒருத்தர் ரத்தம் சிந்தி சாகணும்?" இதைக் கேக்குற பிள்ளை விசுவாசம் குறைஞ்சு போய்க் கேக்கல, நாம சொன்னதை உண்மையாவே காதுல வாங்கி யோசிச்சதாலதான் கேக்குது. அதை "இப்படியெல்லாம் கேக்கக் கூடாது தம்பி, விசுவாசி"ன்னு அடக்கிட்டா அவன் வாயை மூடிக்குவான், ஆனா கேள்வி உள்ளுக்குள்ள அப்படியே கிடக்கும், காலேஜ் ஹாஸ்டல்ல வேற யாராவது வேற பதில் சொல்லிடுவாங்க. அதனால இதை எப்படி எடுத்துப் பேசுறது, எந்த வசனத்துல ஆரம்பிக்கிறது, எந்தக் கதையை சொல்லவே கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சதை இங்க எழுதுறேன்.

இந்தப் பாடம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. பிதாவையும் குமாரனையும் எதிரெதிர் பக்கத்துல நிறுத்தாதீங்க. கோபத்துல கொதிக்கிற பிதா ஒரு பக்கம், நம்மளைக் காப்பாத்த குறுக்க வந்து அடி வாங்குற குமாரன் இன்னொரு பக்கம்னு ஒரு படம் பிள்ளைங்க மனசுல விழுந்துடுச்சுன்னா அப்புறம் எத்தனை வசனம் காட்டினாலும் அவங்க இயேசுவை நேசிப்பாங்க, பிதாவைப் பார்த்துப் பயப்படுவாங்க. நான் பார்த்தவரைக்கும் இந்த உபதேசத்துல வர்ற பாதிக் குழப்பத்துக்கு இந்தப் படம்தான் காரணம். பலி கேக்குறவரும் பலியைக் கொடுக்குறவரும் ஒரே தேவன், சிலுவையில நடந்தது தேவன் தன்னையே கொடுத்தது. இதை விட்டுட்டா நீதிங்கிறது கொடூரமாவும் அன்புங்கிறது பலவீனமாவும் தெரியும்.

மொதல் வேலை, பதில் சொல்ல அவசரப்படாதீங்க, கேள்வியை இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குங்க. நீதிமொழிகள் 17:15-ஐ யாரையாவது எந்திரிச்சு வாசிக்கச் சொல்லுங்க. துன்மார்க்கனை நீதிமான்னு தீர்க்குறவனும் நீதிமானைக் குற்றவாளின்னு தீர்க்குறவனும் ரெண்டு பேருமே கர்த்தருக்கு அருவருப்புன்னு அங்க இருக்கு. வாசிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் விட்டுட்டு கேளுங்க, நாம சுவிசேஷம்னு சொல்றதே பாவியைத் தேவன் நீதிமானாக்குறார், நீதிமானான இயேசு குற்றவாளி இடத்துல நின்னார்ங்கிறதுதானே, அப்போ தனக்கு அருவருப்பான ரெண்டு காரியத்தையும் தேவன் ஒரே நாள்ல பண்ணிட்டாரா? இதோட எசேக்கியேல் 18:20-ஐயும் சேர்த்துக்கோங்க, தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமக்கறதில்ல, மகன் அக்கிரமத்தை தகப்பன் சுமக்கறதில்ல, பாவம் செய்யுற ஆத்துமாவே சாகும். அப்புறம் யாத்திராகமம் 34:6, 7, அங்க கர்த்தர் மோசேகிட்ட தன் நாமத்தைத் தானே சொல்றப்போ அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் மன்னிக்கிறவர்ன்னு சொல்லிட்டு அதே மூச்சுல குற்றவாளியைக் குற்றமில்லாதவனா விடமாட்டேன்னும் சொல்றார். இந்த மூணையும் போர்டுல எழுதிப் போட்டுடுங்க. அழிக்காதீங்க, கடைசி வரைக்கும் இருக்கட்டும்.

இந்த எடத்துல பொதுவா ஒருத்தர் கை தூக்கி "நாம மனுஷங்களே சும்மா மன்னிக்கிறோமே"ம்பாங்க. அதுக்கு இப்படிக் கேளுங்க: ஒரு சின்னப் பிள்ளைக்கு அநியாயம் பண்ணவன் கோர்ட்டுல நிக்குறான், நீதிபதி "நான் ரொம்ப அன்பானவன், நீ போகலாம்"னு அனுப்பிட்டா அந்தப் பிள்ளையோட அம்மா அதை அன்புன்னு சொல்லுவாங்களா? யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு செஞ்ச தப்பை நான் மன்னிக்கலாம், இன்னொருத்தருக்கு செஞ்ச தப்பை நான் ஈஸியா மன்னிச்சுட்டா பாதிக்கப்பட்டவங்களை ரெண்டாம் தடவ அடிக்கிற மாதிரி ஆயிடும். தேவன் எல்லாருக்கும் நியாயாதிபதி, அதனால அவரோட மன்னிப்பு கண்ணை மூடிக்கிறதா இருக்க முடியாது. கோபாக்கினைங்கிற வார்த்தையை எப்ப சொன்னாலும் இதை ஞாபகப்படுத்துங்க, அது எரிச்சல்ல வர்ற கோபம் கிடையாது, அநியாயத்தை அநியாயம்னு சொல்றதை அவர் ஒருநாளும் நிறுத்த மாட்டார்ங்கிறதுதான்.

இப்போ லேவியராகமம் 16. தயவு செஞ்சு ரோமருக்கு நேரா ஓடாதீங்க, பவுல் எழுதினதை வாசிச்சவங்க மனசுல இந்த அதிகாரம் இருந்துச்சு, நம்ம பிள்ளைங்க மனசுல இல்ல, அதான் வித்தியாசம். முழு அதிகாரத்தையும் சத்தமா வாசிங்க, 34 வசனம்தான். ஆசரிப்புக் கூடாரத்தோட படம் ஒண்ணை பெருசா வரைஞ்சுடுங்க, வெளிப்பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், திரை, அதுக்கு உள்ள மகா பரிசுத்த ஸ்தலம், அதுல உடன்படிக்கைப் பெட்டி, பெட்டி மேல அதோட மூடியா இருக்குற கிருபாசனம், அவ்வளவு போதும். ஏழாம் மாசம் பத்தாம் தேதி, வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள் மட்டும் திரைக்கு உள்ள போறான். அதிகாரம் ஆரம்பிக்கிறதே ஆரோனோட ரெண்டு மகன்கள் கர்த்தர் சந்நிதியில செத்த பிறகுன்னுதான் ஆரம்பிக்குது, அந்தப் பயம் அதிகாரம் பூரா இருக்கு. அன்னைக்கு ஆரோன் அந்த மகிமையான பொன் வேலைப்பாடு உள்ள உடுப்பைப் போடக்கூடாது, குளிச்சுட்டு சாதா சணல்நூல் உடுப்புதான். மொதல்ல தனக்கும் தன் வீட்டுக்கும் ஒரு காளை. பொடியா இடிச்ச சுகந்தவர்க்கத்தை ரெண்டு கைநிறைய அள்ளிட்டுப் போய் தூபகலசத்து நெருப்புல போட்டு, அந்தப் புகை கிருபாசனத்தை மூடின பிறகுதான் அவன் அங்க நிக்கவே முடியும். அப்புறம் காளை ரத்தத்தை விரலால கிருபாசனத்து மேல தெளிக்கணும், கிருபாசனத்துக்கு எதிர்லயும் ஏழு தரம் தெளிக்கணும். ஜனங்களுக்காக கொன்ன வெள்ளாட்டுக்கடா ரத்தத்தையும் இதே மாதிரி.

பிரதான ஆசாரியன் கால்ல கயிறு கட்டி உள்ள அனுப்புவாங்க, செத்துட்டா இழுக்கறதுக்குன்னு ஒரு கதை பிரசங்கத்துல அடிக்கடி வரும். பைபிள்ல எங்கயுமே அது இல்ல. விட்டுடுங்க, இருக்குறதே போதுமான அளவு கனமா இருக்கு.

நீங்க அதிகமா நேரம் செலவழிக்க வேண்டியது ரெண்டு வெள்ளாட்டுக்கடா கிட்டத்தான். ரெண்டையும் கொண்டு வந்து சீட்டுப் போடுறாங்க, ஒண்ணு கர்த்தருக்கு, இன்னொண்ணு போக்காடு. கர்த்தருக்குன்னு சீட்டு விழுந்த கடா சாகுது, அதோட ரத்தம் உள்ள போகுது. உயிரோட இருக்குற கடா தலைமேல ஆரோன் ரெண்டு கையையும் வெச்சு இஸ்ரவேலரோட எல்லா அக்கிரமத்தையும் அறிக்கை பண்ணி, அதையெல்லாம் அது தலைமேல சுமத்தி, ஒரு ஆள்கிட்ட குடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிடறாங்க. பிள்ளைங்ககிட்ட கேளுங்க: பாவம் சுமத்தப்பட்ட ஆடு எது, செத்த ஆடு எது? ரெண்டும் வேற வேற ஆடு. இது நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கும், ஏன்னா எல்லாரும் பாவத்தை ஆட்டு மேல ஏத்தி அதைக் கொன்னுட்டாங்கன்னுதான் நினைச்சுட்டு இருப்பாங்க. ரத்தம் ஒரு வேலை செய்யுது, அது பரிசுத்த ஸ்தலத்தையும் பலிபீடத்தையும் ஜனங்களோட தீட்டு நீங்க சுத்திகரிக்குது, தேவன் அவங்க நடுவுல தொடர்ந்து தங்கி இருக்கறதுக்கு வழி பண்ணுது. போக்காடு இன்னொரு வேலை செய்யுது, பாவத்தைத் தூக்கிட்டு கண்காணாத தூரத்துக்குப் போயிடுது. கொண்டுபோய் விட்ட ஆள் கூட துணி துவைச்சு குளிச்சுட்டுத்தான் பாளையத்துக்குள்ள வரலாம், செத்த காளையையும் கடாவையும் தோல், மாம்சம், சாணியோட பாளையத்துக்கு வெளியில கொண்டுபோய் சுட்டெரிக்கணும். எபிரெயர் 13:11, 12 வாசிக்கிறப்போ இயேசு நகர வாசலுக்கு வெளியில பாடுபட்டார்ன்னு வருதே, அது எங்கருந்து வருதுன்னு அப்ப அவங்களே பிடிச்சுக்குவாங்க. இந்த எல்லா வேலையும், ரத்தம், சுமக்கறது, வெளியில தள்ளப்படறது, ஒரே ஆள்மேல வந்து சேருதுன்னுதான் புதிய ஏற்பாடு சொல்லுது.

நம்ம ஊர்ல பலின்னு சொன்ன உடனே பிள்ளைங்க மனசுல கிடா வெட்டு, நேர்ச்சை, பொங்கல்னு வேற படம் வரும். மத்தவங்க வழிபாட்டை மட்டம் தட்டிப் பேசிடாதீங்க, கூட்டத்துல அந்தக் குடும்பங்கள்ல இருந்து வர்ற பிள்ளைங்க இருப்பாங்க, இல்லன்னாலும் அது மரியாதை இல்ல. ஆனா மனுஷன் கொடுக்குறான், கடவுள் வாங்கிக்கிறார்ங்கிற திசையை மட்டும் திருப்பிக் காட்டணும். அதுக்கு லேவியராகமம் 17:11 இருக்கு. உயிர் ரத்தத்துல இருக்கு, அதை பலிபீடத்து மேல பாவநிவிர்த்திக்காக உங்களுக்கு ஏற்படுத்தினது நான்தான்னு கர்த்தர் சொல்றார். ஜனங்க கோபக்காரக் கடவுளை சமாதானப்படுத்த வழி கண்டுபிடிக்கல, வழியைக் கொடுத்ததே அவர். 5-ம் அதிகாரத்தையும் ஒரு எட்டு பார்த்துடுங்க, ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவன் ரெண்டு காட்டுப்புறாவோ ரெண்டு புறாக்குஞ்சோ கொண்டு வரலாம், அதுக்கும் வழி இல்லாதவன் ஒரு எப்பா அளவுல பத்துல ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டு வரலாம், எண்ணெயும் வேண்டாம் தூபவர்க்கமும் வேண்டாம், அதுவே அவனுக்குப் பாவநிவாரண பலி. மாவுல ரத்தம் ஏது? அதான் எபிரெயர் 9:22-ல "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினால சுத்திகரிக்கப்படும்னு ஜாக்கிரதையா எழுதியிருக்கு. ரத்தத்துக்கு மந்திர சக்தி இருக்குன்னு நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பிடி மாவு நல்ல மருந்து.

பலி முறையோட எல்லையையும் பழைய ஏற்பாடே சொல்லுதுன்னு சீக்கிரமா காட்டிட்டுப் போயிடலாம். எண்ணாகமம் 15:30-ல துணிகரமா செய்யுற பாவத்துக்கு பலி சொல்லல, அறுப்புண்டு போகணும்னு இருக்கு. தாவீது உரியாவைக் கொல்ல வெச்ச பிறகு பாடுன 51-ம் சங்கீதத்துல பலியை நீர் விரும்புகிறதில்லைன்னு சொல்றான், அவன் செஞ்சதுக்குக் கொண்டுபோக ஆடே இல்லைங்கிறது அவனுக்கே தெரியும். எபிரெயர் 10:4 முடிச்சு வெக்குது, காளை, வெள்ளாட்டுக்கடா ரத்தம் பாவத்தை நீக்க மாட்டாது.

அப்போ அத்தனை வருஷமா மன்னிச்சது எந்தக் கணக்குல? இந்தக் கேள்வியோடதான் ரோமர் 3-க்குள்ள நுழையணும், 21-ல இருந்து 26 வரைக்கும், மெதுவா. முன் நடந்த பாவங்களைத் தேவன் பொறுத்துக்கிட்டு இருந்தார், அதனால அவரோட நீதியே கேள்விக்குறியா நின்னுச்சு, தாவீது மாதிரி ஒருத்தனை எப்படி விட்டார்ன்னு உரியா வீட்டுக்காரங்க கேக்கலாம்ல. அதுக்குத்தான் பவுல் சொல்றான், தேவன் கிறிஸ்துவைக் கிருபாதார பலியா ஏற்படுத்தினார், தன் நீதியைக் காண்பிக்கறதுக்கு, தாம் நீதியுள்ளவராவும் இயேசுவை விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குறவராவும் விளங்கறதுக்கு. இதுல கவனிக்க வேண்டியது ஏற்படுத்தினவர் யாருங்கிறது. பிதாதான் ஏற்படுத்துறார். லேவியராகமத்துல பார்த்த அதே திசை. இதுக்கு முன்னாடி ஏசாயா 53 வாசிச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும், நாம எல்லாரும் ஆடுகளைப் போல வழிதப்பித் திரிஞ்சோம், கர்த்தர் நம்ம எல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல விழப்பண்ணினார்ன்னு 6-ம் வசனம், அவருடைய ஆத்துமா தன்னைக் குற்றநிவாரண பலியாக ஒப்புக்கொடுக்கும்னு 10-ம் வசனம். விழப்பண்ணினதும் இருக்கு, தானே ஒப்புக்கொடுத்ததும் இருக்கு, ஒரே அதிகாரத்துல.

இப்போ போர்டுல இருக்குற எசேக்கியேலுக்கு வாங்க. ஒரு நீதிபதி யாரோ ஒரு அப்பாவியைப் பிடிச்சு இவனுக்குப் பதிலா நீ சாவுன்னு சொன்னா அது அநியாயம், அதுல சந்தேகமே இல்ல, பைபிளும் அதைத்தான் சொல்லுது. சிலுவையில அப்படி வெளியில இருந்து யாரையும் பிடிச்சுட்டு வரல. யோவான் 10:18-ல என் ஜீவனை ஒருவனும் என்கிட்ட இருந்து எடுக்க மாட்டான், நானே கொடுக்கிறேன்னு இயேசு சொல்றார், 2 கொரிந்தியர் 5:19-ல தேவன் கிறிஸ்துவுக்குள்ள இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார்ன்னு இருக்கு. நியாயாசனத்துல இருக்குறவரே இறங்கி வந்து நிக்குறார். இன்னொரு பக்கமும் இருக்கு, விசுவாசிக்கிறவன் கிறிஸ்துவோட சேர்க்கப்படறான், ரோமர் 6-ல அவரோட கூட சிலுவையில அறையப்பட்டோம், அவரோட அடக்கம் பண்ணப்பட்டோம்னு வருது. ரெண்டு அந்நியர்களுக்கு நடுவுல தண்டனை கைமாறுன கதையா இதைச் சொல்லிட்டா இந்த சேர்மானம் முழுசா காணாமப் போயிடும், அப்புறம் எசேக்கியேலுக்கு பதிலே இல்ல.

சொல்லக் கூடாத கதைங்க ரெண்டு இருக்கு, ரெண்டுமே ரொம்ப பிரபலம். ஒண்ணு, ரயில் பாலத்தை இறக்குற வேலையில இருக்குற அப்பா, சின்னப் பையன் மெஷினுக்குள்ள மாட்டிக்கிறான், ரயில் வந்துட்டு இருக்கு, அப்பா மகனை நசுக்கி பயணிகளைக் காப்பாத்துறார். கேக்குறவங்க அழுவாங்க, அதுக்காகவே சொல்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தப் பையனுக்கு எதுவுமே தெரியாது, அவன் சம்மதிக்கல, அப்பாவுக்கு வேற வழி இல்ல, பாவமும் இல்ல நீதியும் இல்ல, வெறும் விபத்து. இயேசு அறியாம மாட்டிக்கிட்ட பிள்ளை இல்ல. அப்பாகிட்ட அடி வாங்குற வீட்டுல இருந்து வந்து உக்காந்திருக்குற பிள்ளைக்கு இந்தக் கதை என்ன செய்யும்னும் நினைச்சுப் பாருங்க. ரெண்டாவது, அபராதம் போட்ட நீதிபதி கீழ இறங்கி வந்து தன் பாக்கெட்ல இருந்து பணம் எடுத்துக் கட்டுறது. இது பரவாயில்ல, நியாயாதிபதியே சுமக்குறார்ங்கிறது இதுல இருக்கு, ஆனா ஒரு லா காலேஜ் பிள்ளை இருந்தா உடனே கேக்கும், அபராதத்தை யார் வேணா கட்டலாம், ஜெயில் தண்டனையை வேற ஆள் அனுபவிக்க முடியுமான்னு. அதோட அது வெறும் பணம், உறவு எதுவும் இல்ல.

அதுக்குப் பதிலா இயேசுவே சொன்ன உவமையை எடுங்க, மத்தேயு 18. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அப்போ மொத்தம் 6 கோடி நாள் கூலி. இந்தக் கணக்கை பிள்ளைங்களையே போடச் சொல்லுங்க, அப்பதான் அவன் "எல்லாத்தையும் கொடுத்துத் தீர்க்கிறேன்"னு சொன்னது எவ்வளவு நடக்காத பேச்சுன்னு புரியும். ராஜா மன்னிச்சுட்டார். யாராவது ஒருத்தர் கேப்பாங்க, இங்க ராஜா யாரையும் பலி கேக்கலயே, சும்மாதானே விட்டார்? நல்ல கேள்வி, அதுக்காகவே இந்த உவமை. அந்த 6 கோடி நாள் கூலி எங்க போச்சு? காத்துல கரைஞ்சு போகல, ராஜாவோட கஜானாவுல அந்த நஷ்டம் அப்படியே இருக்கு. அந்த நஷ்டத்தை அவர் தன் தலையில ஏத்துக்கிட்டார். மன்னிக்கிறவன் சுமக்காம மன்னிப்புன்னு ஒண்ணு கிடையாது. தேவன் மனுஷனை மன்னிச்சப்போ அவர் சுமந்தது வெளியில தெரியுற மாதிரி, சரித்திரத்துல, பொந்தியு பிலாத்து நாள்ல, எருசலேமுக்கு வெளியில நடந்துச்சு.

சபை சரித்திரத்தையும் கொஞ்சம் தொட்டுக்கோங்க, ஆனா அதையே பாடமாக்கிடாதீங்க. நிசேயா விசுவாசப்பிரமாணம் நமக்காக சிலுவையில அறையப்பட்டார்ன்னு சொல்லிட்டு நிறுத்திக்குது, எப்படிங்கிறதை விவரிக்கல. ஆதி சபையில ஓரிகன் மாதிரி சிலர் மீட்கும்பொருள் பிசாசுக்குக் கொடுக்கப்பட்டுச்சுன்னு பேசினாங்க, நசியான்சு ஊர் கிரகோரி திருடனுக்குப் போய் கூலியான்னு அதைக் கடுமையா மறுத்தார். கிழக்கு சபைகள்ல இன்னைக்கும் ஈஸ்டர் ராத்திரி மரணத்தால மரணத்தை மிதிச்சார்ன்னுதான் பாடுறாங்க, கொலோசெயர் 2:15 பக்கம் நிக்குற பார்வை, அதையும் பிள்ளைங்க கேக்கட்டும். மேற்குல பெரிய திருப்பம் ஆன்செல்ம். கேன்டர்பரி பேராயர், இங்கிலாந்து ராஜா இரண்டாம் வில்லியமோட தகராறுல நாட்டை விட்டு வெளியேறி இத்தாலியில இருந்தப்போ 1098-ல கடவுள் ஏன் மனுஷனானார்ங்கிற புஸ்தகத்தை முடிச்சார். போசோன்னு ஒரு சீஷன் கேள்வி கேக்க இவர் பதில் சொல்ற மாதிரி இருக்கும், நம்ம வாலிபர் கூட்டத்துல கேக்குற அதே கேள்விதான். ஒரு எடத்துல ஆன்செல்ம் அவன்கிட்ட சொல்றார், பாவம் எவ்வளவு கனம்னு நீ இன்னும் யோசிக்கல. அவரோட வாதம் சுருக்கமா: கடன்பட்டவன் மனுஷன், அவன்தான் கட்டணும், ஆனா கட்டுற சக்தி தேவனுக்கு மட்டும்தான், அதனால தேவனும் மனுஷனுமா இருக்குற ஒருத்தராலதான் முடியும். இங்க நிறைய பேர் குழப்பிக்கிற ஒண்ணு இருக்கு, தேவன் இயேசுவைத் தண்டிச்சார்ன்னு ஆன்செல்ம் சொல்லல, ஈடு கட்டணும் இல்லன்னா தண்டனைன்னு ரெண்டு வழி வெச்சு, இயேசு ஈடு கட்டினதால தண்டனை தேவைப்படலன்னார். நம்ம தண்டனையையே அவர் சுமந்தார்ன்னு அழுத்தமா பேசுறது சீர்திருத்த காலத்துல, முக்கியமா கால்வின். அவரும் கூட அகஸ்டினை எடுத்து வெச்சு, குமாரனோட ரத்தம் சிந்தின பிறகு பிதா நம்மளை நேசிக்க ஆரம்பிக்கல, அதுக்கு முன்னாடியே நேசிச்சதாலதான் கொடுத்தார்ன்னு தெளிவா எழுதுறார்.

1594-ல அச்சான புஸ்தகத்துல சொசினஸ்ங்கிற இத்தாலிய இறையியலாளர் ஒரு கேள்வியைப் போட்டார், இன்னைக்கு வரைக்கும் கூர்மையான கேள்வி. கடனைக் கட்டியாச்சுன்னா அதுக்குப் பேர் மன்னிப்பு இல்ல, மன்னிச்சாச்சுன்னா எதுக்கு கட்டணும்? பிள்ளைங்க இதைக் கேக்கலன்னா நீங்களே கேளுங்க. கட்டினவன் மூணாவது மனுஷனா இருந்தா சொசினஸ் ஜெயிச்சிடுவார். வர வேண்டியது யாருக்கோ அவரே நஷ்டத்தை ஏத்துக்கிட்டா கட்டினதும் மன்னிச்சதும் ஒரே காரியம்தான், மத்தேயு 18 ராஜா மாதிரி. பிதாவையும் குமாரனையும் பிரிக்காதீங்கன்னு ஆரம்பத்துல சொன்னது இதுக்குத்தான், அதை விட்டா இந்தக் கேள்விக்கு பதில் கிடையாது.

பெரிய வெள்ளியில, இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகள்ல நாலாம் வார்த்தை பேசுறவங்களுக்குத் தனியா ஒண்ணு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்." பிதா முகத்தைத் திருப்பிக்கிட்டார், பரிசுத்தர் பாவத்தைப் பார்க்க முடியாம விலகிட்டார்ன்னு பேசுறது வழக்கமா இருக்கு, ஆனா மத்தேயுவும் மாற்கும் அப்படி எழுதல. இயேசு சொன்னது 22-ம் சங்கீதத்தோட முதல் வரி, அதே சங்கீதம் 24-ம் வசனத்துல அவர் தன் முகத்தை அவனுக்கு மறைக்கலன்னு சொல்லுது. கைவிடப்பட்டதோட வேதனையைக் குறைச்சு சொல்லாதீங்க, அது நிஜம், நம்ம இடத்துல நின்னு அவர் அந்த இருட்டை முழுசா அனுபவிச்சார். அதே நேரம் திரித்துவம் அன்னைக்கு மூணு மணி நேரம் உடைஞ்சு போச்சுன்னும் சொல்லிடாதீங்க. எபிரெயர் 9:14-ல நித்திய ஆவியினாலே தம்மைத்தாமே தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார்ன்னு இருக்கு, மூணு பேரும் அங்க இருக்காங்க. ஏழாம் வார்த்தையில அவர் மறுபடியும் "பிதாவே"ன்னுதான் கூப்பிடறார். அதோட யூதர்கள்தான் கொன்னாங்கன்னு பழி போடுற பேச்சு பெரிய வெள்ளி மேடையில ஒரு வரி கூட வரக்கூடாது, அந்தப் பேச்சால எத்தனையோ நூற்றாண்டா அந்த ஜனங்க மேல வன்முறை நடந்திருக்கு.

அடுத்தது, இதை யாரும் விட்டுடாதீங்க. நீங்க பேசுற ரூம்ல தப்பு செஞ்சவங்க மட்டும் இல்ல, தப்பு யாருக்கு நடந்துச்சோ அவங்களும் உக்காந்திருப்பாங்க. "இயேசுவே மன்னிச்சிட்டார், நீயும் மன்னிச்சு மறந்துடு"ன்னு சிலுவையைக் காட்டி வாயை அடைக்கிறது நடக்குது, குடும்பத்துலயும் சபையிலயும். லேவியராகமம் 6-ம் அதிகாரத்து முதல் ஏழு வசனத்தை வாசிச்சுக் காட்டுங்க. அயலானை ஏமாத்தினவன், பறிச்சவன் மொதல்ல எடுத்ததைத் திரும்பக் கொடுக்கணும், அதோட ஐந்துல ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கணும், 100 எடுத்திருந்தா 120, அதை உரியவன் கையில கொடுக்கணும், அதோட கூடத்தான் ஆட்டுக்கடாவைக் கர்த்தருக்குக் குற்றநிவாரண பலியா கொண்டு வரணும். ஏசாயா 53:10 சொன்ன குற்றநிவாரண பலி இந்தப் பலிதான். வரி வசூலிக்கிற சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன்னு எந்திரிச்சு நின்னப்போதான் இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொன்னார், பணத்தால இரட்சிப்பு வாங்கல, வந்த இரட்சிப்பு அப்படி வெளியில தெரிஞ்சுச்சு. அநியாயம் நடந்தவங்க போலீசுக்குப் போறது, கேஸ் நடத்துறது சிலுவைக்கு விரோதம்னு யாராவது சொன்னா அதை அங்கயே மறுத்துடுங்க, உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம்னு சிலுவை சொல்லல, அது எவ்வளவு பெருசுன்னுதான் சொல்லுது.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்துல திணிக்காதீங்க, தலை சுத்தும். மூணு வாரமா பிரிச்சுக்கோங்க. மொதல் வாரம் கேள்வியும் லேவியராகமமும், ரெண்டாம் வாரம் ஏசாயா 53-ம் ரோமர் 3-ம் மத்தேயு 18 கணக்கும், மூணாம் வாரம் மத்த ஆட்சேபணைங்க, லேவியராகமம் 6, அப்புறம் எபிரெயர் 10:1-18. அதுல ஆசாரியன் நாள்தோறும் நின்னுகிட்டே அதே பலியைத் திரும்பத் திரும்ப செலுத்துறான், இவர் ஒரே பலியைச் செலுத்திட்டு உக்காந்துட்டார்ன்னு வர்ற எடத்துல நிறுத்தி, கூடாரப் படத்துல நாற்காலி எங்க இருக்குன்னு கேளுங்க. குத்துவிளக்கு இருக்கு, மேஜை இருக்கு, தூபபீடம் இருக்கு, உக்கார எடமே இல்ல. கிறிஸ்து எல்லாருக்காகவும் செத்தாரா, தெரிஞ்சுகொள்ளப்பட்டவங்களுக்காக, அதாவது தேவன் தேர்ந்தெடுத்தவங்களுக்காக மட்டுமாங்கிற சண்டை யாராவது ஆரம்பிச்சா 1 யோவான் 2:2 வாசிச்சுட்டு அதுக்குத் தனியா ஒரு வாரம் வெச்சுக்கலாம்னு சொல்லிடுங்க, அது பெரிய தலைப்பு, இதோட கலந்தா ரெண்டும் கெட்டுடும்.